கடல் கடந்த பந்தயம் – 6: ‘இல்லை’ என்று எழுதிய கை

சென்ற வாரம் ஜே கோஹன் என்ற அமெரிக்கரை, லாஸ் வேகாஸ் நகரத்துக்கு அருகே நெல்லிஸ் என்னுமிடத்துச் சிறை முகாமின் வாயிலில் நிறுத்திவிட்டு வந்தோம். ஸான் பிரான்ஸிஸ்கோவில் பங்கு வியாபாரக் கம்பெனியொன்றில் நல்ல சம்பளத்தோடு இருந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, 1996-ல் கரீபியன் கடலிலுள்ள ஆன்டிகுவாத் தீவுக்குப் போய், அத்தீவின் அரசாங்கத்திடம் முறையாக உரிமம் பெற்று, அமெரிக்க விளையாட்டுப் போட்டிகளின்மேல் அமெரிக்கர்களிடமிருந்தே இணையத்திலும் தொலைபேசியிலும் பந்தயம் பிடித்தவர் அவர். 15 மாத காலத்தில் அவருடைய கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த தொகை மாத்திரம் ஏறக்குறைய 53 லட்சம் டாலர். தாம் செய்தது குற்றமே அல்ல என்ற திடமான நம்பிக்கையோடு தாமாகவே தாய்நாடு திரும்பி வழக்காடிய அவரை, 1961-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின்கீழ் எட்டுக் குற்றச்சாட்டுகளிலும் ஜூரிகள் குற்றவாளி என்று கண்டார்கள். தண்டனை 21 மாதச் சிறை. 2002 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவருடைய மனுவை விசாரிக்க மறுத்துவிட்டது.

பந்தயத்துக்கென்றே ஜோதிமயமாய் எழுந்து நிற்கும் ஒரு நகரத்தின் வாசலில், பந்தயம் பிடித்த குற்றத்துக்காக ஒருவர் சிறையிருந்த விசித்திரத்தை விதி செய்ததா, சிறை இலாகா செய்ததா என்று நான் ஆராயவில்லை. ஆனால் இந்தச் சரித்திரம் நெடுகிலும் அதே விசித்திரம் வேறு வேறு வேஷம் பூண்டு வருவதை வாசகர்கள் கவனித்து வரலாம்.

கோஹனுக்கு இனிப் போவதற்கு ஒரு கோர்ட்டும் மிச்சமில்லை. அவருக்கு உரிமம் கொடுத்த தேசத்துக்கோ ஒன்று மிச்சமிருந்தது. அது ஜெனீவா ஏரிக்கரையில் இருந்தது.

* * *

ஆன்டிகுவாவும் பார்புடாவும் சேர்ந்த அந்தத் தேசத்தின் மொத்தப் பரப்பு 442 சதுர கிலோமீட்டர். அதாவது, இன்றைய சென்னை மாநகராட்சியின் எல்லைக்குச் சற்றே கூடுதல். ஜனத்தொகை அப்போது 80 ஆயிரத்துக்கும் குறைவு. பிரிட்டிஷ் கப்பற்படையின் துறைமுகமும் கரும்புத் தோட்டங்களுமாகப் பல தலைமுறைகளைக் கழித்து, 1981 நவம்பர் 1-ஆம் தேதி சுதந்திரம் பெற்ற அத்தீவுகளில், கரும்பு போன பிறகு ஜீவனோபாயம் என்று எஞ்சியது உல்லாசப் பிரயாணிகளின் வரவு ஒன்றே; அந்த வரவோ, 1995 செப்டம்பரில் வந்த ‘லூயிஸ்’ புயலைப் போல மற்றொன்று அடித்தால் அந்தப் பருவத்தோடு அற்றுப்போகக் கூடியது. ஆகவே கடற்கரையை நம்பி நிற்காத தொழில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த அரசாங்கத்துக்கு, இணையப் பந்தயம் வரப்பிரசாதமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

வழக்கில் ஆன்டிகுவா கொடுத்த கணக்கின்படி, 1999-ல் உரிமம் பெற்றிருந்த நிறுவனங்கள் 119; அவற்றில் வேலை பார்த்தவர்கள் சுமார் 3,000 பேர்; தேசத்தின் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு அவற்றினுடையது. நான்கே ஆண்டுகளில், 2003-ல், நிறுவனங்கள் 28 ஆகவும் வேலையாட்கள் 500-க்கும் கீழாகவும் சுருங்கிவிட்டனர்.

இந்தச் சரிவுக்குக் கோஹனின் சிறைவாசம் உண்டாக்கிய பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பணம் போகும் பாதை அடைபட்டது. 2002 ஜூனில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்ஸர் கொடுத்த நெருக்கடியின் பேரில், ஸிட்டி பாங்க் தன்னுடைய கடன் அட்டைகள் இணையப் பந்தயத்துக்குச் செல்லாமல் நிறுத்திவிட இசைந்தது; அடுத்த மாதமே, பேபால் கம்பெனியை விலைக்கு வாங்கப் போவதாக அறிவித்த ஈபே, பந்தயப் பணத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் வேலையை விட்டுவிடுவதாகவும் சேர்த்தே அறிவித்தது. பந்தயக்காரனின் கையைப் பிடிக்க முடியாத அரசு அவனுடைய கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டது.

2003 மார்ச் 13-ஆம் தேதி, உலக வர்த்தக ஸ்தாபனத்தின் விதிகளை ஆதாரமாகக் காட்டி, ஆன்டிகுவா அமெரிக்காவுக்கு வழக்கின் முதல் ஓலையை அனுப்பிற்று. அரசியல் முகமாக நின்றவர், ஸ்தாபனத்தில் அத்தேசத்தின் ஸ்தானிகராக இருந்த ஸர் ரொனால்ட் ஸாண்டர்ஸ். வாதத்தை வகுத்தவர், டெக்ஸாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரத்து வக்கீல் மார்க் மெண்டல். அமெரிக்காவின்மேல் தொடுத்த வழக்கை ஓர் அமெரிக்கரே நடத்தினார்.

சமாதானப் பேச்சு பலிக்கவில்லை. ஜூலை 21-ஆம் தேதி விசாரணைக் குழு அமைக்க உத்தரவாயிற்று. அதன் தலைமைக்கு வந்தவர், முன்பு ஜெனீவாவில் இந்தியாவின் ஸ்தானிகராக இருந்த பி. கே. ஸுத்ஷி.

* * *

இங்கே வழக்கை நிறுத்திவிட்டு ஒன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இந்தக் கதையின் தலைவிதி ஜெனீவாவில் வாதம் நடந்தபோது நிர்ணயமானதல்ல. 1994 ஏப்ரல் 15-ஆம் தேதி மொராக்கோ தேசத்து மராக்கேஷ் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட தேசங்கள் கையொப்பமிட்ட பல்லாயிரம் பக்கக் காகிதக் குவியலுக்குள், ஒருவரும் உரக்கப் படித்திராத ஒரு வரியில் அது எழுதப்பட்டுவிட்டது.

அந்த ஒப்பந்தங்களுள் ஒன்று சேவை வர்த்தகத்தைப் பற்றியது. அரிசியும் இரும்பும் துணியும் கடல் கடப்பது போல, வங்கித் தொழிலும் தணிக்கைத் தொழிலும் தந்தித் தொழிலும் கேளிக்கைத் தொழிலும் கடல் கடக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு, எந்தெந்தச் சேவைக்குத் தன் சந்தையை எந்த அளவுக்குத் திறந்துவிடுகிறது என்று ஒவ்வொரு தேசமும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தது. பட்டியலில் சேவையின் பெயர் ஒரு பத்தியில். அதற்கு எதிரே, அந்நியருக்கு விதிக்கும் கட்டுப்பாடுகள் மற்றொரு பத்தியில். கட்டுப்பாடு உண்டானால் அதை எழுத வேண்டும். ஒன்றும் கிடையாதானால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். பேச்சு வழக்கில் ‘இல்லை’ என்றால் கதவைச் சாத்துவது என்று அர்த்தம். இந்தப் பட்டியலிலோ ‘இல்லை’ என்றால் கதவு விரியத் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அமெரிக்கா கொடுத்த பட்டியலில் பத்தாவது பிரிவின் ‘டி’ உட்பிரிவுக்கு, ‘இதர பொழுதுபோக்குச் சேவைகள், ஸ்போர்ட்டிங் நீங்கலாக’ என்று பெயர். எல்லை தாண்டி வரும் சேவைக்குக் கட்டுப்பாடு என்ன என்ற கட்டத்தில் எழுதியிருந்த சொல்: இல்லை.

எழுதிய உத்தியோகஸ்தர் யாராயிருந்தாலும், அவர் மனக்கண் முன் அப்போது பூங்காக்களும் கடற்கரைகளும் நின்றிருக்கக்கூடும். இணையத்தின் வழியே ஒரு தீவிலிருந்து இன்னொரு தேசத்தானின் படுக்கையறைக்குள் பந்தயப் பலகையை நீட்டலாம் என்பது 1994-ல் எத்தனை பேருடைய கற்பனைக்கு எட்டியிருக்கும்?

ஆனால் பட்டியல் எழுதுவோருக்கு வழிகாட்டியாக ஸ்தாபனத்தின் முன்னோடிக் காரியாலயம் 1991-ல் ஒரு மாதிரிப் பட்டியல் தந்திருந்தது. அதில் ஒவ்வொரு சேவைக்கும் எதிரே ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டு எண் ஒன்று உண்டு. பத்தாவது பிரிவின் ‘டி’ உட்பிரிவுக்குரிய எண் 964. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால், விளையாட்டுச் சேவைகள் 9641; இதர பொழுதுபோக்குச் சேவைகள் 9649; அந்த இதரத்துக்குள்ளே பூங்காவும் கடற்கரையும் 96491; அடுத்து வருவது 96492.

96492 என்பது சூதாட்டமும் பந்தயமும்.

* * *

வேறு சில தேசங்கள் முன்னெச்சரிக்கையோடு தங்கள் பட்டியலில் ‘சூதாட்டம் நீங்கலாக’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தன. அமெரிக்கா சேர்க்கவில்லை; அதே சமயம், அந்த எண்களையும் தன் பட்டியலில் எழுதவில்லை. எழுதாததைப் பிடித்துக்கொண்டுதான் அதன் வக்கீல்கள் முதலில் நின்றார்கள்.

எண்களை நாங்கள் ஏற்கவில்லை. எங்கள் பட்டியலை எங்கள் பாஷையின் சாதாரண அர்த்தத்தில் படிக்க வேண்டும். ‘ஸ்போர்ட்டிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகளில் சூதாட்டம் சார்ந்தது என்ற பொருளும் உண்டு. ஆகையால் ‘ஸ்போர்ட்டிங் நீங்கலாக’ என்று எழுதியபோதே சூதாட்டத்தையும் நீக்கிவிட்டோம் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இது வேடிக்கைக்காகச் சொன்னதல்ல. பழைய ஆங்கில வழக்கில் பந்தயக்காரனைச் சுட்டுவதற்கு அந்த அடைமொழியை ஆண்டதுண்டு. உலகத்தின் மிகப் பெரிய வல்லரசு தன் சட்டங்களைக் காப்பாற்றிக்கொள்ள அகராதிகளைச் சுமந்துகொண்டு ஜெனீவாவுக்கு வந்து நின்ற காட்சியை, மொழியில் பிரியமுள்ள எவரும் சற்று நேரம் நின்று பார்க்கத்தான் விரும்புவார்.

விசாரணைக் குழு அகராதிகளைப் புரட்டியது. அதோடு நிற்காமல், ஒப்பந்தத்தின் மற்ற இரண்டு பாஷைகளாகிய பிரெஞ்சையும் ஸ்பானிஷையும் பார்த்தது. அவ்விரண்டிலும் விளையாட்டைக் குறிக்கும் சொல்லுக்குள் சூதாட்டத்தைத் திணிக்க இடமில்லை. மாதிரிப் பட்டியலைப் பின்பற்றி வரிசையும் பெயரும் எழுதிய தேசம், எண்களை எழுதாமல் விட்டதாலேயே அந்த வகைப்பாட்டிலிருந்து விலகிவிட்டதாகக் கொள்ள முடியாது என்றும் கண்டது. அமெரிக்கா அறியாமலே இப்படி வாக்குக் கொடுத்திருக்கலாம் என்பதில் தனக்கு ஓரளவு அநுதாபம் உண்டென்பதைக் குழு மறைக்கவில்லை. ஆயினும், எழுதிக் கொடுத்த வாக்கின் எல்லையை எழுதியவருடைய உள்ளக் கருத்தைக் கொண்டு அளக்க முடியாது என்று தீர்த்துவிட்டது.

அந்த இடைக்கால அறிக்கை கட்சிக்காரர்களின் கைக்கு வந்த நாள் 2004 மார்ச் 24. அதற்கு முந்திய நாள்தான் ஆன்டிகுவாவில் பொதுத் தேர்தல். பல ஆண்டுகளாகத் தந்தையும் மகனுமாக ஆண்டுவந்த பேர்டு குடும்பத்தின் ராஜாங்கம் கவிழ்ந்தது; பிரதம மந்திரி லெஸ்டர் பேர்டு தம் தொகுதியையே பறிகொடுத்தார். வழக்கைத் தொடுத்த அரசாங்கம் வீட்டுக்குப் போன கையோடு வெற்றிச் செய்தி வந்தது. அதை வாங்கிக்கொண்டவர் புதிய பிரதமர் பால்ட்வின் ஸ்பென்ஸர். ஆட்சி மாறியும் வழக்கு மாறவில்லை. ஒரு தீவின் பிழைப்புச் சம்பந்தமான விஷயத்தில் கட்சிப் பகையை ஓரத்தில் வைத்துவிட்டார்கள் என்பதை நாம் சற்றுப் பொறாமையோடுதான் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரு தரப்பும் சமரசம் பேசுவதற்காக நடவடிக்கைகள் சில மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. சமரசம் கைகூடவில்லை. நவம்பர் 10-ஆம் தேதி அறிக்கை உலகுக்கு வெளியாயிற்று. இரு தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போயின.

* * *

மேல்முறையீட்டு மன்றம், அகராதியை மட்டும் நம்பி அர்த்தம் காண்பது தகாது என்று கீழ்க் குழுவுக்கு ஒரு குட்டு வைத்துவிட்டு, வேறு பாதையில் நடந்து அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது: கதவு திறந்துதான் இருந்தது.

அமெரிக்கா அடுத்த அரணுக்குப் பின்வாங்கிற்று. ஒப்பந்தத்தில் தடுக்கப்பட்டிருப்பதெல்லாம், ‘இத்தனை கம்பெனிகளுக்கு மேல் வரக்கூடாது’ என்று எண்ணிக்கை விதிப்பதுதானே. நாங்கள் எண்ணிக்கை எதுவும் விதிக்கவில்லை, தொழிலையே தடுத்திருக்கிறோம் என்றார்கள் அதன் வக்கீல்கள். பத்துப் பேருக்கு மேல் உள்ளே விடமாட்டேன் என்பது குற்றமாம். ஒருவரையுமே விடமாட்டேன் என்பது குற்றமில்லையாம்! முழுத் தடை என்பது சூன்யம் என்ற எண்ணிக்கையை விதிப்பதே என்று குழு கூறியதை மன்றமும் உறுதி செய்தது. சூன்யமும் ஓர் எண்தான் என்று சொன்ன குழுவுக்கு இந்தியர் ஒருவர் தலைமை வகித்தார் என்பதை, வழக்குக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும், சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மூன்றாவது அரண்தான் பலமானது. பொது ஒழுக்கத்தைக் காப்பதற்கு அவசியமான சட்டங்களை எந்தத் தேசமும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தின் 14-ஆவது ஷரத்து இடம் கொடுக்கிறது. உலக வர்த்தக ஸ்தாபனத்தின் வழக்கொன்றில் ‘பொது ஒழுக்கம்’ என்ற சொற்களுக்கு வியாக்கியானம் செய்ய நேர்ந்தது அதுவே முதல் தடவை. தூரத்திலிருந்து கணினி வழியே ஆடும் சூதாட்டம் சிறுவர்களின் கைக்கு எட்டுகிறது; ஆடியே தீரவேண்டுமென்ற வெறியை வளர்க்கிறது; கள்ளப் பணத்துக்குச் சலவைத் துறையாகிறது; கொள்ளைக் கூட்டங்களுக்கு உரமாகிறது என்று அமெரிக்கா அடுக்கிற்று. தந்திச் சட்டமே, ராபர்ட் கென்னடி அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, திட்டமிட்டுக் குற்றம் புரியும் கூட்டங்களின் வருமானத்தை அறுப்பதற்காகக் கொண்டுவந்ததுதான்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த வாதத்தில் எனக்குச் சண்டையில்லை. சூதினால் குடி கெட்ட கதைகள் எந்தத் தேசத்துக்கும் புதியவை அல்ல. கவறு உருட்டும் கை திரைமேல் தட்டும் விரலாக மாறியதால் அதன் குணம் மாறிவிடவில்லை. மேல்முறையீட்டு மன்றத்துக்கும் சண்டையில்லை. ஆன்டிகுவாவோடு உட்கார்ந்து பேசிப் பார்க்காததால் அந்தச் சட்டங்கள் அவசியமானவை என்று ஒப்ப முடியாதென்று கீழ்க் குழு சொல்லியிருந்ததைத் தள்ளிவிட்டு, பொது ஒழுக்கத்தைக் காக்க அவை அவசியமானவையே என்று மன்றம் ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவின் கட்சி ஜெயித்துவிட்டது என்றே தோன்றும் இந்த இடத்தில்தான் குதிரை வந்து நுழைந்தது.

* * *

1978-ல் இயற்றப்பட்டு 2000 டிசம்பரில் திருத்தப்பட்ட குதிரைப் பந்தயச் சட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம், அந்தந்த மாநிலச் சட்டம் அநுமதிக்குமானால், குதிரையின்மேல் தொலைபேசி மூலமும் இதர மின்னணுச் சாதனங்கள் மூலமும் பணம் கட்டலாம் என்று அது சொல்கிறது.

ஆக, ஆன்டிகுவாவிலிருந்து ஒருவர் கம்பி வழியே பந்தயம் பிடித்தால் பொது ஒழுக்கம் குலைகிறது. அமெரிக்காவுக்குள்ளேயே ஒருவர் அதே கம்பி வழியே குதிரைக்குப் பணம் வாங்கினால் குலைவதில்லை. கோஹன் தம் கம்பெனியை நியூயார்க் மாநிலத்தின் மைதானப் புறத்துப் பந்தய ஸ்தாபனத்தைப் பார்த்தே அமைத்ததாகக் கூறியிருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். குதிரைக்கென்று ஒரு தனி நியாயம் எங்கும் உண்டு போலும். சென்னைக் கிண்டி மைதானத்துப் பந்தயம் சூதல்ல, திறமையின்பாற்பட்டதே என்று 1996-ல் நம் உச்ச நீதிமன்றம் கூறியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

அந்தக் குதிரைச் சட்டம் கிரிமினல் சட்டங்களை ரத்து செய்யவில்லை, ஆகையால் உள்நாட்டாருக்கும் தடை தடைதான் என்று அமெரிக்கா பதில் சொல்லிப் பார்த்தது. சட்டத்தின் வாசகமோ வேறு விதமாக இருந்தது. 2005 ஏப்ரல் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது: அந்தத் தடைகள் அந்நியருக்கும் உள்நாட்டாருக்கும் பாரபட்சமின்றி நடத்தப்படுவதாக அமெரிக்கா நிரூபிக்கவில்லை, ஆதலால் ஒழுக்கத்தின் பேரால் கேட்ட விலக்கு முழுமையாகக் கிடைக்காது.

சூதாட்டம் நல்லதா கெட்டதா என்பதைப் பற்றி மன்றம் ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உன் ஒழுக்கம் உன் வீட்டுக்குள்ளும் ஒழுக்கம்தானா என்பதை மட்டுமே அது கேட்டது.

தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பும் வெற்றி விழாக் கொண்டாடின. எங்கள் சட்டங்கள் அவசியமானவை என்று ஒப்புக்கொண்டார்கள், பாக்கியிருப்பது குதிரை சம்பந்தமான சிறு விளக்கம் என்றது வாஷிங்டன். கதவைத் திறக்கும்படி கட்டளையாகிவிட்டது என்றது ஆன்டிகுவா.

* * *

தீர்ப்புக்கு இணங்கி நடக்க, ஏப்ரல் 20-ஆம் தேதியிலிருந்து 11 மாதமும் இரண்டு வாரமும் அவகாசம் தரப்பட்டது. கெடு முடியும் நாள் 2006 ஏப்ரல் 3.

அந்த நாள் வந்தது, போயிற்று. ஒரு சட்டமும் திருத்தப்படவில்லை. சில நாட்கள் கழித்து அமெரிக்கா ஜெனீவாவுக்கு அறிவித்தது: குதிரைப் பந்தயம் உட்பட, மாநில எல்லை தாண்டும் பந்தயம் எல்லாவற்றையும் எங்கள் சட்டம் தடுக்கிறது என்று எங்கள் நீதி இலாகா இந்த மாதம் காங்கிரஸின் உபகுழுவொன்றில் சொல்லியிருக்கிறது, ஆகவே நாங்கள் தீர்ப்புக்கு இணங்கிவிட்டோம். முன்பு வழக்கில் தோற்ற வாதத்தையே மறுபடி ஒரு முறை சொல்லிவிட்டு, அதையே தீர்ப்புக்கு இணங்கியதாகக் கணக்கில் எழுதிக்கொண்ட சாமர்த்தியத்தை என்னவென்பது!

அதே ஆண்டு அக்டோபர் 13-ஆம் தேதி ஜனாதிபதி புஷ் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். துறைமுகப் பாதுகாப்பு மசோதா ஒன்றின் வாலில் ஒட்டவைத்துக் காங்கிரஸைக் கடந்து வந்த அந்தச் சட்டம், இணையச் சூதாட்டத்துக்குப் பணம் பட்டுவாடா ஆவதையே தடுத்தது. 2002-ல் ஸ்பிட்ஸர் ஒரு வங்கியோடு செய்துகொண்ட ஏற்பாடு, இப்போது தேசம் முழுவதற்கும் சட்டமாயிற்று. குதிரைக்கு அதிலும் விலக்கு.

ஜெனீவாவின் விதிப் புத்தகத்தில் இதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. தோற்றவர் தீர்ப்புக்கு இணங்காவிட்டால், ஜெயித்தவர் அநுமதி பெற்றுப் பதிலுக்குத் தன் வாக்குகளை நிறுத்தி வைக்கலாம். தோற்றவருடைய சரக்குக்கு அதிக வரி போடலாம். ஐரோப்பா போட்டால் அமெரிக்காவுக்கு வலிக்கும். ஆன்டிகுவா போட்டால்? அமெரிக்காவிலிருந்து வரும் உணவுப் பண்டங்களும் இயந்திரங்களும் அதன் தலைநகரான செயின்ட் ஜான்ஸ் கடைவீதியில் விலையேறும். வாஷிங்டனில் ஒருவர் காதிலும் விழாது. சவுக்கை வீசினால் அது திரும்பி வந்து வீசியவன் முதுகில்தான் விழும்.

எல் பாசோ வக்கீலுக்கு இது தெரியாததல்ல. அவர் விதிப் புத்தகத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து படிக்கலானார். இம்முறை அவர் தேடியது, அமெரிக்கா உலகமெங்கும் விற்பதும், அது பறிபோனால் அமெரிக்கா அலறக்கூடியதும், ஆனால் ஆன்டிகுவாவின் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்க வேண்டிய அவசியமே இல்லாததுமான ஒரு பொருளை. அப்படி ஒரு பொருள் உண்டா?

(அடுத்த வாரம்)